முதல்ல கரண்ட் லைன், கடைசியாதான் மெஷின்

போன இதழ்ல கேட் கீல் உடைஞ்சா வீட்டுலயே எப்படி வெல்டு பண்றதுன்னு ஒரு சின்ன பதில் போட்டிருந்தேன், அதுக்கப்புறம் வந்த கேள்விங்க பாதிக்கு மேல வீட்டுலயே வெல்டிங் பட்டறை போடறதைப் பத்திதான், அதனால இந்தத் தடவை மத்ததையெல்லாம் ஒதுக்கி வச்சுட்டு முழுக்க இதுக்கே எடுத்துக்கிட்டேன். திருச்சி துவாக்குடி பக்கம் ஃபேப்ரிகேஷன் ஷாப்புல முப்பது வருஷம் நின்னவன், அந்த உரிமையில சில எடத்துல கொஞ்சம் கண்டிப்பாவே சொல்லியிருப்பேன்.

"அண்ணா, வீட்டு கார் ஷெட் 10க்கு 18 அடி சும்மா கெடக்குதுங்க. பைக்கும் யூ.பி.எஸ் பேட்டரியும் மட்டும்தான் ஒரு மூலைல இருக்கு. ஸ்டாண்டு, ஜன்னல் கம்பி, செடி வைக்கற ரேக் இந்த மாதிரி செஞ்சு பழகணும்னு ஆசை. கையில 25,000 ரூபா இருக்கு, எந்த மெஷின் வாங்கட்டுங்க?" – வாசகர், பொள்ளாச்சி

தம்பி, மெஷினை கடைசியா வாங்குங்க. எல்லாரும் முதல்ல மெஷினை வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்து ஹால்ல ஏ.சிக்கு இருக்கற பிளக்ல சொருகிப் பாக்கறாங்க, ரெண்டு ராடு (உருகி ஜாயிண்ட்டை நிரப்பற வெல்டிங் குச்சி) எரியறதுக்குள்ள எம்.சி.பி (லோடு ஜாஸ்தியானா தானா கட் ஆகற சுவிட்ச்) விழுந்துடும், இல்ல பிளக் பாயிண்ட் கருகிப்போகும், அப்புறம் மெஷின் சரியில்லன்னு கடைக்காரரோட சண்டை.

கணக்கைப் பாருங்க. 2.5 மி.மீ ராடை 80 ஆம்ப்ல ஓட்டும்போது ஒரு சாதாரண இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் நம்ம வீட்டு லைன்ல இருந்து 14, 15 ஆம்ப் இழுக்கும். அதாவது 16 ஆம்ப் பாயிண்ட்டுக்கு அதுதான் எல்லை. 3.15 ராடை 120 ஆம்ப்ல வச்சீங்கன்னா 23 ஆம்ப் கிட்ட போயிடும், எந்த வீட்டு பிளக்கும் அதைத் தாங்காது. அதனால மெயின் போர்டுல இருந்து ஷெட்டுக்குன்னு தனியா ஒரு லைன், 4 சதுர மி.மீ காப்பர் வயர், தூரம் ரொம்ப ஜாஸ்தின்னா 6, அதுக்கு 25 ஆம்ப் சி டைப் எம்.சி.பி, கூடவே கரண்ட் கசிஞ்சா உடனே கட் பண்ற 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி, முனையில 32 ஆம்ப் இண்டஸ்ட்ரியல் பிளக். இதை லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனை வச்சு செய்யுங்க. வீட்டோட எர்த்தையும் அவரையே மீட்டர் வச்சு பாக்கச் சொல்லுங்க, பழைய வீடுகள்ல எர்த் குழி வருஷக்கணக்கா தண்ணி பாக்காம காஞ்சு கெடக்கும், பேருக்குத்தான் எர்த். உங்க ஈ.பி கனெக்‌ஷன்ல எவ்வளவு கிலோவாட் அனுமதின்னு கார்டுல பாத்துக்குங்க, பத்தலைன்னா முதல்லயே கூட்டிக்குங்க.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பத்தி ஒரு வார்த்தை. 1 சதுர மி.மீ வயர்ல 20 மீட்டர் எக்ஸ்டென்ஷன் போட்டு அதுல 23 ஆம்ப் இழுத்தா அந்த வயருக்குள்ள மட்டும் ஏறக்குறைய 370 வாட் சூடா போகும், கிட்டத்தட்ட பாதி இஸ்திரி பெட்டி. விரிச்சுப் போட்டாலே சுடும், சுருட்டி வச்சே ஓட்டினீங்கன்னா உள்ள இருக்கற சுத்து உருகி ஒட்டிக்கும். இதை நான் கண்ணால பாத்திருக்கேன்.

அடுத்தது அந்த பைக்கும் பேட்டரியும். பட்டறை போடறதுன்னு முடிவு பண்ணிட்டா ரெண்டும் ஷெட்டை விட்டு வெளிய போயாகணும். பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், காத்துல 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பொறிக்குக் காத்துக்கிட்டிருக்கற மாதிரிதான். பெட்ரோல் ஆவி காத்தைவிட கனம், தரையோட தரையா ஊர்ந்து வரும், கிரைண்டர் பொறியோ 10 மீட்டர் வரைக்கும் உருண்டு போகும். உங்க ஷெட்டே 18 அடிதானே. பழைய பேப்பர், தேங்கா மட்டை, பெயிண்ட் டப்பா, தின்னர் எல்லாத்தையும் அப்புறப்படுத்துங்க. 6 கிலோ ஏ.பி.சி பவுடர் எக்ஸ்டிங்விஷர் ஒண்ணு வாசல் பக்கமா மாட்டுங்க, உள்பக்கம் கடைசில மாட்டினா தீ பிடிச்சப்ப அதைத் தாண்டிப் போய்தான் எடுக்கணும். ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணி. வேலை முடிஞ்சதும் ஷெட்டைப் பூட்டிட்டு உள்ள போயிடாதீங்க, ஒரு மணி நேரம் அங்கயே துடைக்கறது அடுக்கறதுன்னு இருங்க, சாக்குல விழுந்த பொறி உடனே எரியாது, உள்ளயே கனிஞ்சு கனிஞ்சு நேரம் கழிச்சுதான் புகையும்.

இதுக்கெல்லாம் போக மிச்சம் இருக்கற காசுல ஆட்டோ டார்க் ஹெல்மெட், தோல் கிளவுஸ், தோல் ஏப்ரன், ஷூ. அப்புறம்தான் மெஷின். அதுல 200ன்னு பெரிசா எழுதியிருப்பாங்க, அதைப் பாக்காதீங்க, பின்பக்கம் பிளேட்ல டியூட்டி சைக்கிள் பாருங்க. 60 சதவீதம்னு போட்டிருந்தா 10 நிமிஷத்துல 6 நிமிஷம் ஓட்டலாம், 4 நிமிஷம் ஆறவிடணும்னு அர்த்தம், அது எத்தனை ஆம்ப்லன்னு பக்கத்துல இருக்கும். நீங்க சொல்ற வேலைக்கு 80, 100 ஆம்ப்ல நிம்மதியா ஓடினா போதும். ஸ்பேர், சர்வீஸ் பொள்ளாச்சியிலயோ கோயம்புத்தூர்லயோ கிடைக்குதான்னு கேட்டுட்டு வாங்குங்க.

"ஐயா, மெஷின் வாங்கி மூணு மாசம் ஆச்சு. சில நாள் ராடு மாத்தும்போது கையில சுர்ருனு அடிக்குது, மழை நாள்ல ஜாஸ்தி. எர்த் கிளாம்ப் சரியாத்தான் மாட்டியிருக்கேன், அப்புறம் ஏன்?" – வாசகர், கும்பகோணம்

நீங்க எர்த் கிளாம்ப்னு சொல்றது எர்த் கிடையாதுங்க ஐயா, பேருதான் அப்படி. அது கரண்ட் திரும்பி மெஷினுக்கு வர்ற வழி. ஷாக் அடிக்காம காப்பாத்தற எர்த் பிளக்கோட மூணாவது பின்ல வர்றது, அது வேற இது வேற. இதைக் குழப்பிக்கிட்டு எர்த்துதான் மாட்டிட்டோமேன்னு தைரியமா இருக்கறவங்க நெறைய பேர்.

ராடு எரியாம சும்மா இருக்கும்போதுதான் ராடைப் பிடிக்கற ஹோல்டர்ல வோல்ட் ஜாஸ்தி, 60ல இருந்து 80 வரைக்கும் நிக்கும். காஞ்ச கையும் காஞ்ச கிளவுஸும் இருந்தா ஒண்ணும் தெரியாது. வேர்த்து நனைஞ்ச கிளவுஸ், ஈரத் தரை, ரப்பர் செருப்பு தேஞ்சு கால் தரைல படறது, இது மூணும் ஒண்ணா சேர்ந்துச்சுன்னா அந்த 80 வோல்ட்டே ஆளைச் சாய்க்கும். சுர்ருனு அடிக்கறது எச்சரிக்கை, பழகிடும்னு விட்டுடாதீங்க. ரெண்டு ஜோடி கிளவுஸ் வச்சுக்கிட்டு நனைஞ்சதும் மாத்துங்க, காலுக்குக் கீழ காஞ்ச மரப்பலகையோ ரப்பர் மேட்டோ போடுங்க, ஹோல்டர் மேல இருக்கற பேக்லைட் கவர் உடைஞ்சிருந்தா அன்னிக்கே தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க. மழை ஷெட்டுக்குள்ள சாரல் அடிச்சா அன்னிக்கு வேலை வேண்டாம்.

இன்னொண்ணு, கிளாம்ப்பை எங்க மாட்டறீங்க? நம்ம ஊர்ல ஒரு கெட்ட பழக்கம் இருக்கு, கேபிள் எட்டலைன்னா வீட்டு கேட்டுலயோ, தூண்ல நீட்டிக்கிட்டிருக்கற கம்பியிலயோ, தண்ணி பைப்லயோ மாட்டிட்டு அந்த வழியா கரண்ட்டைத் திருப்பி எடுக்கறது. அது வீட்டோட எர்த் வயர் வழியாவும் ஓடும், அந்த மெல்லிசு வயர் 100 ஆம்ப்பைத் தாங்காம சுவத்துக்குள்ளயே எரிஞ்சு போயிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. அப்புறம் என்னிக்கோ ஒரு நாள் ஃபிரிட்ஜைத் தொட்டா ஷாக் அடிக்கும். கிளாம்ப் எப்பவும் நீங்க வெல்டு பண்ற பொருள்லயே, ஜாயிண்ட்டுக்குப் பக்கத்துலயே, துரு பெயிண்ட் சுரண்டின எடத்துல.

கார்ல, டிராக்டர்ல ஏதாவது வெல்டு பண்றப்பவும் இதே விதிதான், கூடவே பேட்டரியோட நெகட்டிவ் வயரைக் கழட்டிடணும். பெட்ரோல் டேங்க், டீசல் பேரல், காலியா இருந்தாலும் தொடவே கூடாது. காலி பேரல்தான் நெறஞ்ச பேரலைவிட மோசம், உள்ள முழுக்க ஆவி.

"என் கணவர் ராத்திரி 2 மணிக்கு எழுந்து கண்ணுல மணல் கொட்டின மாதிரி இருக்குன்னு துடிச்சுட்டாரு. சாயந்திரம் அஞ்சு நிமிஷம்தான் வெல்டு பண்ணினாராம், கூலிங் கிளாஸ் போட்டிருந்தாராம். மாமியார் தாய்ப்பால் விடச் சொல்றாங்க, பக்கத்து வீட்டுல உருளைக்கிழங்கு வச்சு கட்டச் சொல்றாங்க. இது கண்ணைப் பாதிக்குமா?" – வாசகி, சேலம்

அம்மா, இதைப் படிக்கறதுக்குள்ள சரியாகியிருக்கும்னு நம்பறேன். வெல்டிங் வெளிச்சத்துல இருக்கற புற ஊதாக் கதிர் கருவிழியோட மேல்தோலைச் சுட்டுடுது, வெயில்ல தோல் கருகற மாதிரியேதான். சுடும்போது தெரியாது, ஆறேழு மணி நேரம் கழிச்சுதான் வலி எடுக்கும், அதனாலதான் எல்லாருக்கும் இது நடு ராத்திரில வருது. பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு நாள்ல தானா ஆறிடும். ஆனா கண் டாக்டர்கிட்ட காட்டியே ஆகணும், ஏன்னா கிரைண்டிங் பண்ணின இரும்புத் தூள் உள்ள ஒட்டியிருந்தாலும் வலி அதே மாதிரிதான் இருக்கும், அதை எடுக்காம விட்டா புண்ணாயிடும்.

தாய்ப்பால், உருளைக்கிழங்கு, விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். தோல் உரிஞ்ச எடத்துல வெளியில இருந்து எதைப் போட்டாலும் கிருமி சேரும். கண்ணைத் தேய்க்காம, சுத்தமான ஈரத்துணியை மூடின கண்ணு மேல வச்சுக்கிட்டு காலைல ஆஸ்பத்திரிக்குப் போறதுதான் வழி. மரத்துப்போற சொட்டு மருந்தை மெடிக்கல்ல தானா வாங்கி அடிக்கடி விடறாங்க, அது புண் ஆறவே விடாது.

கூலிங் கிளாஸ் இதுக்கு ஆகவே ஆகாது. அவர் ஓட்டற 80, 100 ஆம்ப்புக்கு ஷேட் (கண்ணாடியோட கருப்பு அளவு) 10 வேணும், அதுக்கு மேல போனா 11. அதோட கண்ணாடி கண்ணை மட்டும்தான் மறைக்கும், ஓரத்துல வர்ற வெளிச்சத்தையும் முகத்துல படறதையும் தடுக்காது, ஹெல்மெட்தான் வேணும். உங்களுக்கு ஒண்ணு தனியா சொல்றேன், வேடிக்கை பாக்க வர்ற குழந்தைங்களுக்கும் இதேதான் நடக்கும், அவங்க எங்க வலிக்குதுன்னு சொல்லக்கூடத் தெரியாம அழுவாங்க. ஷெட் வாசல்ல ஆளுயரத்துக்கு ஒரு தகர தடுப்பு நிறுத்தச் சொல்லுங்க. பிளாஸ்டிக் தார்ப்பாய் கட்ட வேண்டாம், பொறி பட்டா பிடிச்சுக்கும். சட்டையும் பாலியஸ்டர் வேண்டாம், உருகி தோல்ல ஒட்டும், பழைய முழுக்கை காட்டன் சட்டை போதும்.

"அண்ணாச்சி, மாட்டுக் கொட்டகைக்கு ஜி.ஐ பைப்ல வெல்டிங் பண்ணேன். சாயந்திரமே குளிர் ஜொரம், வாயெல்லாம் இரும்பு ருசி, மறுநாள் ஒண்ணும் இல்ல. வேலைக்கு முன்னாடி பால் குடிச்சா வராதுங்கிறாங்க, நெசமா?" – வாசகர், தென்காசி

நெசம் இல்ல. பால் வயித்துக்குப் போகுது, புகை நுரையீரலுக்குப் போகுது. ஜி.ஐ பைப் மேல இருக்கற துத்தநாகம் 907 டிகிரிலயே ஆவியாயிடும், இரும்பு உருக 1,500 டிகிரி வேணும், அதனால இரும்பு உருகறதுக்கு முன்னாடியே அந்த எடத்துத் துத்தநாகம் முழுக்க வெள்ளைப் புகையா கெளம்பிடுது. அதைச் சுவாசிச்சா வர்றதுதான் இந்த ஜொரம், வெல்டிங் ஜொரம்னே நாங்க சொல்லுவோம். ஒரு நாள்ல போயிடறதால யாரும் பெரிசா எடுத்துக்கறதில்ல, எங்க ஷாப்புல திங்கக்கிழமை ஜொரம்னே ஒண்ணு உண்டு, ஞாயித்துக்கிழமை லீவு விட்டு வந்து திரும்ப புகை பட்டா ஜாஸ்தியா அடிக்கும். ஆனா மூச்சுத் திணறல் இருந்தாலோ, ரெண்டு நாள் தாண்டினாலோ டாக்டர்கிட்ட போயிடணும், ஜி.ஐ வெல்டிங் பண்ணேன்னு வாய்விட்டு சொல்லணும்.

ஜாயிண்ட்டுக்கு ரெண்டு பக்கமும் ஒரு ரெண்டு அங்குலம் கிரைண்டர்ல அந்த வெள்ளையைச் சுரண்டிட்டு வெல்டு பண்ணுங்க, மெட்டல் ஃபியூம்னு போட்ட மாஸ்க் போட்டுக்கிட்டு. கைக்குட்டை கட்டினா தூசி மட்டும்தான் நிக்கும். புகை போற பக்கம் முகத்தை வைக்காம காத்து பக்கவாட்டுல இருந்து வர்ற மாதிரி நில்லுங்க. முடிஞ்சதும் சுரண்டின எடத்துல ஜிங்க் பெயிண்ட் அடிங்க, இல்லைன்னா கொட்டகை ஈரத்துல முதல்ல துருப்பிடிக்கறது அந்த எடம்தான். புதுசா வாங்கறதா இருந்தா துத்தநாகப் பூச்சு இல்லாத சாதா எம்.எஸ் பைப் வாங்கி வெல்டு பண்ணி பிரைமர் அடிச்சுடறது நல்லது.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்து சொல்லிடறேன். வண்டி மெக்கானிக் கடைல பிரேக் கிளீனர்னு ஸ்பிரே விப்பாங்க, அதுல சிலதுல குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கும். அதை அடிச்சுத் துடைச்ச இரும்புல வெல்டிங் ஆர்க் பட்டா ஃபாஸ்ஜீன்னு ஒரு விஷ வாயு உண்டாகும், கொஞ்சூண்டு போனாலே நுரையீரல்ல நீர் கோத்துக்கும். எண்ணெய்ப் பிசுக்கு எடுக்க சோப்புத் தண்ணி போட்டுக் கழுவி நல்லா காயவச்சா போதும்.

"4 இன்ச் கிரைண்டர்ல கார்டை (வீலை மறைக்கற மூடி) கழட்டிட்டு 7 இன்ச் வீல் மாட்டினா ஆழமா வெட்டுது. பெரிய மெஷின் செலவு மிச்சம். புஷ் (ஓட்டையைச் சின்னதாக்கற வளையம்) வச்சு மாட்டிக்கலாமா?" – வாசகர், திண்டுக்கல்

கூடாது. தயவுசெஞ்சு இன்னிக்கே கழட்டிடுங்க.

4 இன்ச் மெஷின் நிமிஷத்துக்கு 11,000 சுத்து ஓடும். 7 இன்ச் வீல்ல 8,500ன்னு அச்சடிச்சிருக்கும், அதுதான் அதோட உச்சபட்சம். அது 11,000ல சுத்தும்போது விளிம்பு மணிக்கு 370 கிலோமீட்டர் வேகத்துல போகும், வீலைப் பிச்செறியற விசை அதோட எல்லையைவிட ஒண்ணரை மடங்குக்கு மேல. ஓட்டை அளவே 16, 22ன்னு வேற வேறயா வச்சிருக்கறது மாத்தி மாட்டக்கூடாதுன்னுதான். என் கூட வேலை பாத்த ஒருத்தர் இதே மாதிரி மாட்டினாரு, வீல் மூணு துண்டா போச்சு, ஒரு துண்டு தாடையில. பொழைச்சுட்டாரு, ஆனா அதுக்கப்புறம் அவரால சரியா மென்னு சாப்பிட முடியல. இருபது வருஷம் ஆச்சு, கார்டு இல்லாத கிரைண்டரைப் பாத்தா எனக்கு இன்னும் அந்த சத்தம்தான் காதுல கேக்குது.

வீல்ல நடுவுல இருக்கற இரும்பு வளையத்துல மாசம் வருஷம் போட்டிருக்கும், அது காலாவதி தேதி, அதையும் பாத்து வாங்குங்க. 1 மி.மீ கட்டிங் வீலோட பக்கத்துல வச்சு தேய்க்காதீங்க, அது நேரா வெட்ட மட்டும். மரம் வெட்டற பல்லு பிளேடு கிரைண்டர்ல வேண்டவே வேண்டாம். ஹெல்மெட் தூக்கி வச்சுட்டு கிரைண்டிங் பண்றப்ப கண்ணுக்குத் தெளிவான காகிள்ஸ் தனியா போடணும், காதுக்கும் அடைப்பு வேணும்.

"4க்கு 6 அடி கேட் அடிச்சேன். வெல்டு பண்ணி முடிச்சா முறுக்கிக்கிட்டு ஒரு மூலை தூக்கிட்டு நிக்குது. எங்க தப்பு?" – வாசகர், மதுரை

வெல்டு ஆறும்போது சுருங்கும், சுருங்கும்போது இழுக்கும், ஒரு பக்கமாவே முழுசா அடிச்சா ஒரு பக்கமாவே இழுக்கும். நாலு மூலையும் முதல்ல டேக் மட்டும் வைங்க, சின்னதா ரெண்டு ரெண்டு பொட்டு. அப்புறம் குறுக்கே மூலைக்கு மூலை டேப் பிடிங்க, 4க்கு 6 கேட்டுக்கு ரெண்டு குறுக்களவும் 7 அடி இரண்டரை அங்குலம் வரணும், ரெண்டும் ஒண்ணா இல்லைன்னா தட்டி சரி பண்ணிட்டு மேல போங்க. உள் கம்பிங்க எல்லாத்தையும் டேக்ல நிறுத்திட்டு, ஒரு மூலைல ஒரு அங்குலம் அடிச்சா அடுத்தது எதிர் மூலை, அப்புறம் திருப்பிப் போட்டு பின்பக்கம். கை வைக்க முடியாத அளவு சூடானா நிறுத்துங்க. 1.6 மி.மீ பைப்னா 2.5 ராடு, 60, 65 ஆம்ப், ராடு கேபிளை மெஷினோட மைனஸ்ல சொருகினா ஓட்டை விழறது குறையும். சமமான தரை இல்லாம கேட் நேரா வராது, அதுக்குத்தான் டேபிள்.

டேபிள் பத்தியும் மூணு பேர் கேட்டிருந்தீங்க. 4க்கு 2 அடி, 6 மி.மீ தகடு 35 கிலோ வரும், அது போதும். 10 மி.மீ ஆசைப்பட்டா 58 கிலோ, ஒரே ஆளா தூக்கித் திருப்ப முடியாது. கிலோ கணக்குல பழைய இரும்புக் கடைல கேளுங்க, வளையாத துண்டு கிடைச்சா பாதி விலை. காலுக்கு ஆங்கிள், ஓரத்துல இரும்பைக் கடிச்சுப் பிடிக்கற ஒரு வைஸ்.

"அபார்ட்மெண்ட் கார் பார்க்கிங்ல பண்ணலாமா?" – வாசகர், சென்னை

வேண்டாம். மேல கீழ பக்கத்துல எல்லாம் பெட்ரோல் வண்டி.

"ஊர்க்காரங்க கேட் ஆர்டர் தர்றாங்க, வீட்டு கரண்ட்லயே பண்ணலாமா?" – வாசகர், பெரம்பலூர்

சொந்த வேலைக்கு சரி. காசு வாங்கி வெளி வேலை எடுத்தா அது தொழில், வீட்டு இணைப்பு அதுக்கு இல்ல. ஈ.பி ஆபீஸ்ல கேட்டு அதுக்கான டாரிஃப் மாத்திக்குங்க, மாட்டினா பழைய கணக்கெல்லாம் சேர்த்து அபராதம் வரும்.

"பிளஸ் டூ முடிச்ச என் பொண்ணு வெல்டிங் கத்துக்கணும்ங்கறா. சொந்தக்காரங்க சிரிக்கறாங்க. லீவுல வீட்டுலயே ஆரம்பிக்கலாமா, எங்க சேர்க்கலாம்?" – வாசகர், மணப்பாறை

சிரிக்கறவங்களை விடுங்க ஐயா. வெல்டிங்குக்கு வேண்டியது நடுங்காத கையும் பொறுமையும், எங்க ஷாப்புல பாய்லர் டியூப்ல ரூட் (ஜாயிண்ட்டோட அடி வெல்டு) அடிக்கற ஆளுங்க தேறினதே அதை வச்சுத்தான். ஐ.டி.ஐயில வெல்டர் டிரேடு ஒரு வருஷ கோர்ஸ், பொண்ணுங்களும் சேரலாம். உங்களுக்குப் பக்கத்துலயே திருச்சி பெல் (பி.ஹெச்.இ.எல்) வளாகத்துல வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975ல இருந்து இருக்கு, ஐ.டி.ஐ முடிச்சப்புறம் அங்க என்ன பயிற்சி நடக்குதுன்னு விசாரிங்க.

லீவுல வீட்டுல தாராளமா ஆரம்பிக்கலாம், நீங்க கூட நில்லுங்க. 6 மி.மீ பட்டை ரெண்டு துண்டு, 6013னு நம்பர் போட்ட ராடு 2.5 மி.மீ ஒரு பாக்கெட் வாங்குங்க. ராடு ஈரம் இழுத்தா மேல் பூச்சு உதிரும், வெல்டுல ஓட்டை ஓட்டையா வரும், அதனால மூடி இறுகின டின்னுல வைங்க. முதல் பாக்கெட் முழுக்க ஜாயிண்ட் எதுவும் வேண்டாம், பட்டை மேல கோடு மட்டும் போடட்டும். 80 ஆம்ப், ராடு நுனிக்கும் இரும்புக்கும் ராடு கனம் அளவுதான் இடைவெளி, வெளிச்சத்தைப் பாக்காம அதுக்குப் பின்னாடி உருகிக் கெடக்கற குட்டையைப் பாக்கச் சொல்லுங்க. குட்டையோட அகலம் மாறாம நகர்த்தினா கோடு தானா ஒழுங்கா வரும். ராடு ஒட்டிக்கிச்சுன்னா பதறாம ஒரு ஆட்டு ஆட்டி எடுத்துடலாம், வரலைன்னா ராடை ஹோல்டர்ல இருந்து விடுவிச்சுடணும்.

ரெண்டாவது பாக்கெட்ல ரெண்டு பட்டையை டி மாதிரி நிறுத்தி ஒரு பக்கம் மட்டும் வெல்டு அடிச்சு, ஆறவிட்டு, வைஸ்ல கடிச்சு சுத்தியலால மடக்கி உடைக்கட்டும். ரெண்டு பட்டையிலயும் இரும்பு பிஞ்சு வந்திருந்தா வெல்டு உள்ள வரைக்கும் பிடிச்சிருக்கு. ஒரு பட்டை வழவழன்னு அப்படியே கழண்டு வந்துச்சுன்னா மேல ஒட்டியிருக்கு அவ்வளவுதான், ஆம்ப் கூட்டிட்டு திரும்ப அடிக்கணும். நடுவுல கருப்பா இருந்தா ஸ்லாக் (ராடு பூச்சு உருகின கசடு) மாட்டியிருக்கு. உடைச்ச துண்டு ஒவ்வொண்ணு மேலயும் தேதி, ஆம்ப் சாக்பீஸ்ல எழுதி வரிசையா வைக்கச் சொல்லுங்க. பத்து துண்டு சேர்ந்ததும் உடைஞ்ச பக்கம் தெரியற மாதிரி போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்க, ஒவ்வொண்ணா பாத்து அவளுக்கே பதில் எழுதறேன்.